மத்தியதரைக் கடலின் துறைமுகங்கள்

நம் முன்னோர் கடலேறியதெல்லாம் ஏதேனும் ஒரு காரணம் பற்றியே. வாணிபம் செய்யச் சென்றார்கள். புண்ணியத் தலங்களைத் தரிசிக்கச் சென்றார்கள். ஊரில் வாழ வழியற்றபோது பிழைப்புத் தேடிச் சென்றார்கள். விற்பதற்கும் வாங்குவதற்கும் எதுவுமின்றி, புறப்பட்ட துறைக்கே மீண்டும் வந்து இறங்குவதற்காகக் கப்பலேறுவது அவர்கள் அறியாத ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரிடையே தோன்றிய அவ்வழக்கம் இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. நகரங்களைப் போன்ற கப்பல்கள், காலையில் ஒரு துறைமுகத்தையும் மறுநாட் காலையில் இன்னொரு துறைமுகத்தையும் காட்டிக்கொண்டு, மத்தியதரைக் கடலைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அத்தகைய கப்பலொன்றில் நானும் என் துணைவியாரும் ஏழு இரவுகளைக் கழித்தோம். அங்கே கண்டவற்றைக் கூறுவதோடு, காணும்போது என் நெஞ்சில் எழுந்த ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாங்கள் வாழ்வது அலவத்துகொட. கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அக்குறணையைக் கடந்த பின் வருகின்ற ஊர். வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடியும் கராம்பு மரமும் சாதிக்காய் மரமும் நிற்கும். எத்திசை நோக்கினும் மலை. கடலைக் காண வேண்டுமாயின் பல மணி நேரம் பேருந்தில் செல்லுதல் வேண்டும். இத்தகைய ஊரில் அரசாங்கப் பாடசாலை அதிபராகப் பணிபுரியும் ஒருவன் மத்தியதரைக் கடலுக்குச் செல்ல நேர்ந்தது எவ்வாறு என்று நீங்கள் கேட்கலாம். என் துணைவியாரின் இளைய சகோதரர் இத்தாலியில் மிலான் நகரில் நெடுங்காலமாக உழைத்து வாழ்பவர். எங்கள் மணவாழ்வின் முப்பதாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, "அக்காவும் அத்தானும் ஒருமுறையேனும் கடலைச் சுற்றிப் பாருங்கள்" என்று பயணச்சீட்டை அவரே எடுத்துத் தந்தார். 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையோடு சில நாள் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டோம். கப்பல் தொடும் இத்தாலி, மால்டா, ஸ்பெயின், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளும் ஷெங்கன் உடன்பாட்டில் சேர்ந்தவை. ஆதலால் ஒரே வீசா போதுமானதாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலேறினோம். கொலம்பசின் பிறந்த ஊராகிய அந்நகரில், 1543 ஆம் ஆண்டு முதல் நிற்கும் வெளிச்சவீட்டைக் கடந்து கப்பல் நகர்ந்தது. கப்பலென்று சொன்னேன், அதனருகில் நின்று பார்த்தபோது பல மாடிகள் கொண்ட குடியிருப்பொன்று நீரில் மிதப்பதாகவே தோன்றிற்று. ஆயிரக்கணக்கான பயணிகள், அவர்களுக்குப் பணிபுரிய நூற்றுக்கணக்கான ஊழியர். எங்களுக்குக் கிடைத்தது கப்பலின் உட்பகுதியில் உள்ள, சாளரமில்லாத அறை. கட்டணம் குறைந்த அறை அதுவே. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்பது தெரியாது. உணவுக்குத் தனிக் கட்டணமில்லை, பானங்களுக்கு உண்டு. கப்பலுக்குள் காசு செல்லாது. வாயிலில் தரும் அட்டையொன்றே அறையின் திறவுகோலாகவும் பணப்பையாகவும் கரையிறங்கும் அனுமதிச் சீட்டாகவும் பயன்படுகிறது. காலை எட்டு அல்லது ஒன்பது மணியளவில் துறையை அடைந்தால், மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்குப் புறப்பாடு. குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்களை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும். ஆகவே ஒரு நகரத்துக்குக் கிடைப்பது எட்டு மணி நேரம்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்தவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வந்தவர். இத்தனை துறைமுகங்களில் எதைப் பார்த்தீர்கள் என்று என் துணைவியார் கேட்டார். துறைமுக வாயிலுக்கு அருகே இலவசமாகத் தொலைபேச வசதியுள்ள கடைகள் எவை என்பது தமக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் சிரித்தபடி விடையளித்தார். ஒரே கப்பல், ஒரே கடல்; ஆயினும் அவர் கண்ட துறைமுகம் வேறு, நாங்கள் காணப்போகும் துறைமுகம் வேறு என்பது அந்த முதல் நாளிலேயே எங்களுக்குப் புலனாயிற்று.

இரண்டாம் நாள் நேப்பிள்ஸ். விடியற்காலையில் மேல்தளத்தில் நின்றோம். விரிகுடாவின் ஓரத்தில் இரட்டை முகடுகளோடு விசூவியஸ் எரிமலை தெரிந்தது. கி.பி. 79 ஆம் ஆண்டில் அது பொங்கிப் பொம்பேயி நகரைச் சாம்பலால் மூடிய வரலாற்றை நம் மாணவர் அறிவர். அந்த அழிவின்போது, விரிகுடாவின் மறுமுனையில் மிசேனத்தில் நின்ற உரோமக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர் பிளினி. கரையில் சிக்குண்டோரை மீட்கக் கப்பலைச் செலுத்திச் சென்ற அவர் அங்கேயே உயிர்நீத்தார். இந்தப் பிளினிதான் நம் இலங்கையைப் பற்றித் தம் பெருநூலில் எழுதி வைத்தவர். பேரரசர் குளோடியஸ் காலத்தில், அதாவது கி.பி. 41 க்கும் 54 க்கும் இடையில், தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த நம் தீவிலிருந்து நான்கு தூதுவர் உரோமாபுரிக்குச் சென்றனர் என்பது அவர் தரும் செய்தி. மத்தியதரைக் கடலைக் கண்ட இலங்கையருள் வரலாற்று ஏட்டில் இடம்பெற்ற முதல்வர் அவர்களே எனலாம். அதே நூலில் மிளகைப் பற்றியும் பிளினி எழுதுகிறார். காரத்தைத் தவிர வேறெந்தச் சிறப்புமில்லாத இப்பொருளை மக்கள் இவ்வளவு விரும்புவது ஏனோ என்று வியக்கிறார். கீழ்நாட்டுப் பண்டங்களுக்காக உரோமரின் பொன்னும் வெள்ளியும் ஆண்டுதோறும் வெளியேறுவதை எண்ணிக் குறைப்படுகிறார். மிளகுக் கொடியின் நிழலில் வாழும் எனக்கு அந்த வியப்பு நகைப்பைத் தந்தது.

கிடைத்த நேரத்தில் பொம்பேயிக்குச் செல்வதா, நகரிலுள்ள தொல்பொருள் அரும்பொருளகத்துக்குச் செல்வதா என்ற வினா எழுந்தது. பயணிகளிற் பெரும்பாலோர் பேருந்துகளில் ஏறிப் பொம்பேயிக்குச் சென்றனர். "புதைந்த ஊரைப் பார்ப்பதா, அந்த ஊர் பாதுகாத்து வைத்திருந்த நம் பக்கத்துப் பொருளைப் பார்ப்பதா?" என்று என் துணைவியார் கேட்டார். அரும்பொருளகத்துக்கே சென்றோம். 1938 இல் பொம்பேயியில் தோண்டியெடுக்கப்பட்ட தந்தச் சிலையொன்று அங்கே இருக்கிறது. ஒரு சாண் அளவினளாய், அணிகலன் பூண்டு நிற்கும் பெண். இந்தியச் சிற்பி ஒருவன் செதுக்கியது. நெடுங்காலம் இலக்குமி என்று கருதப்பட்ட அவ்வுருவத்தை, இயக்கியாக இருக்கலாம் என்று பின்னர் வந்த அறிஞர் கூறுவர். யார் கொண்டு சென்றாரோ, யார் வீட்டு மேசையை அணிசெய்ததோ! சாம்பலுக்குள் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூற்று அறுபது ஆண்டுகள் உறங்கிய அச்சிறு பாவையைக் கண்ட பிறகு, நேப்பிள்ஸ் எங்களுக்கு அந்நிய ஊராகத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் இறங்கினோம். இந்நகருக்கும் நமக்கும் பழைய உறவொன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் ரொஜர் என்னும் கிறித்தவ மன்னர், அல் இத்ரீசி என்னும் முஸ்லிம் புவியியல் அறிஞரைத் தம் அவைக்கு அழைத்து உலகப் படமொன்றை ஆக்குவித்தார். 1154 இல் நிறைவெய்திய அப்படத்தில் தெற்கு மேலேயும் வடக்கு கீழேயும் அமைந்திருக்கும். நம் தீவு சரந்தீப் என்ற பெயரோடு அதில் இடம்பெற்றுள்ளது. அம்மன்னரின் அரண்மனைக் கோயிலை நாங்கள் கண்டோம். மேலே அரபியக் கைவண்ணத்தில் அமைந்த மரவிதானம். சுவரில் பைசாந்தியக் கலைஞரின் பொற்பதிகை ஓவியங்கள். அமைப்போ இலத்தீன் கிறித்தவக் கோயில். மூன்று நாகரிகங்கள் ஒரு கூரையின் கீழ் இணங்கி வாழ்ந்தமைக்கு அது சான்று.

ஆனால் பலெர்மோவில் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தது அரண்மனையன்று. மைத்துனரின் நண்பர்களான யாழ்ப்பாணத்துத் தம்பதியர் இருவர் துறைமுக வாயிலில் எங்களை எதிர்கொண்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்பவர்கள். கணவர் ஒரு வீட்டில் சமையலும் துப்புரவும் செய்கிறார். மனைவி முதியோர் ஒருவரைப் பராமரிக்கிறார். பலெர்மோவில் வாழும் தமிழருள் பலர் இவ்வாறு வீட்டுப் பணி செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். "சேர், வாங்கோ, முதலில் அம்மாவைக் கும்பிட்டு வருவோம்" என்று எங்களை அவர் அழைத்துச் சென்றது பெல்லெகிரினோ மலைக்கு. யாத்திரிகன் என்பது அச்சொல்லின் பொருள். ஏறத்தாழ அறுநூறு மீற்றர் உயரமுள்ள அம்மலையின் குகையொன்றில் புனித ரொசாலியாவின் திருத்தலம் உள்ளது. 1624 இல் கொள்ளைநோய் நகரை வாட்டியபோது, துறவியாகிய அவரின் திருவெலும்புகளை மலையிற் கண்டெடுத்து ஊர்வலமாக எடுத்துச் சென்றனர் என்றும், நோய் நீங்கிற்று என்றும் பலெர்மோ மக்கள் போற்றுவர். அன்று முதல் அவரே நகரின் காவற்றெய்வம்.

ஞாயிறுதோறும் அம்மலைப் பாதையில் ஏறுவோரில் நம் தமிழரைக் காணலாம். கத்தோலிக்கர் மாத்திரமல்லர், இந்துக்களும் ஏறுகின்றனர். சிலர் வெறுங்காலோடு நடந்தனர். தாய்மார் கையில் மலர். பிள்ளைகள் வாயில் இத்தாலிய மொழி. குகையின் பாறையிலிருந்து கசியும் நீரைத் தகரக் கால்வாய்கள் ஏந்திச் செல்ல, அதன் கீழே சுடர்கள் எரிந்தன. மலைமேல் தெய்வத்தைக் கண்டு பழகிய கால்கள், கடல் கடந்த நாட்டிலும் ஒரு மலையைத் தேடிக்கொண்டன என்று எண்ணினேன். என் துணைவியார் ஒரு மூலையில் கைகூப்பி வெகுநேரம் நின்றார்.

மலையிலிருந்து பார்த்தால் துறைமுகமும் அதில் நின்ற எங்கள் வெண்ணிறக் கப்பலும் தெளிவாகத் தெரிந்தன. "நான் வேலை செய்கிற வீட்டுச் சாளரத்திலிருந்து இந்தக் கப்பல்களைத் தினமும் பார்ப்பேன், சேர். ஒருநாளும் ஏறியதில்லை" என்றார் நண்பர். அதில் குறையேதும் தொனிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே மீண்டும் பேசினார்: "இன்றிரவு மால்டாவுக்குப் போகிறீர்கள். அந்தக் கடலில் எங்கட பிள்ளைகள் கிடக்கிறார்கள். நித்திரைக்குப் போகுமுன் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கோ." அவர் மனைவியார் என் துணைவியாரின் கையைப் பற்றிக்கொண்டு, "ஓம், அக்கா" என்றார். அதற்கு மேல் இருவரும் எதுவும் கூறவில்லை.

நேயர்களே, அவர் குறிப்பிட்டது 1996 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் அதிகாலையில் நிகழ்ந்த அனர்த்தம். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து ஐரோப்பாவில் வாழ்வு தேடிச் சென்ற இளைஞர்களை, முகவர்கள் பெரிய கப்பலொன்றில் ஏற்றி வைத்திருந்தனர். சிசிலிக்கும் மால்டாவுக்கும் இடையில், கொந்தளிக்கும் கடலில், அவர்களிற் பலரைச் சிறு படகொன்றுக்கு மாற்றினர். அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு நின்ற அப்படகும் அந்தப் பெரிய கப்பலும் மோதிக்கொண்டன. படகு மூழ்கியது. இறந்தோர் தொகை குறைந்தது 283. உயிர் தப்பியோர் கிரேக்க நாட்டிற் கரையேறி நடந்ததைக் கூறினர். அக்கூற்று எளிதில் நம்பப்படவில்லை. சிசிலியின் தென்கிழக்கு முனையில் உள்ள போர்த்தோபாலோ என்னும் ஊரின் மீனவர்களோ, வலையில் சடலங்கள் அகப்பட்டபோதும் மீண்டும் கடலிலேயே இட்டனர். அறிவித்தால் விசாரணை வரும், தொழில் முடங்கும் என்ற அச்சம் அவர்களுக்கு.

ஐந்தாண்டு காலம் அந்த மரணங்கள் வதந்தி போலவே கிடந்தன. பின்னர் மீனவர் ஒருவரின் வலையில் ஓர் அடையாள அட்டை சிக்கியது. பதினேழு வயதுடைய ஓர் இலங்கைத் தமிழ் இளைஞனின் அட்டை அது. அம்மீனவர் மௌனத்தைக் கலைத்தார். லா ரெப்புப்ளிக்கா என்னும் நாளிதழின் செய்தியாளர் ஜியோவன்னி மரியா பெல்லு, 2001 இல் நீருக்கடியிற் செல்லும் ஒளிப்படக் கருவியை இறக்கி, நூறு மீற்றருக்கும் கீழான ஆழத்தில் கிடந்த படகை உலகுக்குக் காட்டினார். ஓர் அடையாள அட்டை இல்லையேல் இத்தனை உயிர்களும் நிகழாத கதையாகவே போயிருக்கும். அவ்விளைஞன் உயிரோடிருந்தால் இன்று நாற்பத்தைந்து வயதைக் கடந்திருப்பான். பலெர்மோவின் அந்த மலையில் தன் பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருக்கவும் கூடும். நாட்காட்டியில் அதே டிசெம்பர் 26 ஆம் நாளில், எட்டாண்டுகளின் பின் 2004 இல், ஆழிப்பேரலை நம் கரையோரத்தைச் சூறையாடியது. அத்தினத்தில் நாம் ஆண்டுதோறும் தலைகுனிந்து நிற்கிறோம். போர்த்தோபாலோவில் மாண்டவர்களை நினைப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அன்றிரவு கப்பலின் அரங்கில் பாட்டும் ஆடலும் நிகழ்ந்தன. நாங்கள் உணவருந்திய பின் மேல்தளத்துக்குச் சென்றோம். நீரின் நிறம் தெரியாத இருட்டு. கப்பலின் விளக்கொளி சிறிது தூரம் நுரையின் மேல் விழுந்து மறைந்தது. எங்களுக்கு அறையும் உணவும் உயிர்காக்கும் மிதவை அங்கியும் உண்டு. கப்பலேறிய அன்றே, ஆபத்து நேரத்தில் எங்கே கூடவேண்டும் என்று எல்லோருக்கும் பயிற்சியளித்திருந்தனர். அந்தப் பிள்ளைகளுக்கு யார் பயிற்சியளித்தார்? என் துணைவியார் தம் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு முணுமுணுத்துப் பிரார்த்தித்தார். நெடுநேரம் கழித்தே அறைக்குத் திரும்பினோம்.

மறுநாட் காலை மால்டாவின் வல்லெட்டா. 1565 ஆம் ஆண்டின் முற்றுகையை எதிர்த்து நின்ற புனித யோவான் அணியைச் சேர்ந்த வீரத்துறவியர், அடுத்த ஆண்டிலேயே அடிக்கல் நாட்டி எழுப்பிய நகரம். தேன்நிறக் கல்லாலான மதில்கள் நீரிலிருந்தே எழுந்து நிற்கின்றன. எங்களைப் போலவே மால்டாக்காரரும் ஆங்கிலேயரால் ஆளப்பட்டு, 1964 இல் விடுதலை பெற்றவர். அவர்களுடைய மொழி அரபியிலிருந்து கிளைத்தது; எழுத்தோ இலத்தீன். பழக்கடையில் ஒரு மூதாட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபோது, அக்குறணைப் பள்ளிவாசல் மதரசாச் சிறுவர் எண்ணுவது போலவே காதில் விழுந்தது. அழகிய நகரம்தான். எனினும் முன்னிரவின் நினைவோடு அத்துறைமுகத்தைப் பார்த்தபோது, மூழ்கிய படகு மால்டாவிலிருந்து சென்ற படகு என்பதும் உடன் நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் முழுவதும் கடலிலேயே கழிந்தது. அன்று மேல்தளத்தில் அமர்ந்திருக்கையில், "இந்தக் கடலின் கீழ்க்கரையில் அலெக்சாந்திரியா இருக்கிறதே, அங்கே இந்தக் கப்பல் போகாதா?" என்று என் துணைவியார் கேட்டார். இக்கப்பல் போகாது. ஆனால் அலெக்சாந்திரியாவின் கதை நம் கண்டிக்கே வந்திருக்கிறது. 1882 ஜூலையில் ஆங்கிலக் கடற்படை அந்நகரின் மீது குண்டு பொழிந்தது. எகிப்தியரின் உரிமைக்காக எழுந்த ஒராபி பாஷா அவ்வாண்டு செப்டெம்பரில் தோல்வியுற்றார். அவரும் தோழர்களும் நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினர். 1892 முதல் அவர் கண்டியில் வாழ்ந்தார். 1901 இல்தான் தாயகம் திரும்ப அனுமதி கிடைத்தது. கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அரும்பொருளகமாக விளங்குகிறது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் இதழ் அந்த எகிப்தியச் செய்திகளைத் தமிழில் நம்மவர்க்கு எடுத்துச் சொன்னது. அவரே 1885 இல் வெளியிட்ட அசன்பே சரித்திரம், ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது, எகிப்து நாட்டு இளைஞன் ஒருவனைத் தலைவனாகக் கொண்டது. மலைகளால் சூழப்பட்ட கண்டியிலிருந்து ஒருவர் கெய்ரோவைக் கற்பனை செய்தார். கெய்ரோவைப் பிரிந்த ஒருவர் கண்டியின் மலைகளைப் பார்த்தபடி முதுமையடைந்தார். நாங்கள் திரும்பும் நாள் பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. அவரோ எந்நாள் திரும்புவோம் என்று அறியாது பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

ஆறாம் நாள் பார்சலோனா. 1882 இல் தொடங்கி இன்னும் நிறைவுறாத சக்ராதா பமீலியா என்னும் பேராலயத்தை வெளியில் நின்றே கண்டோம்; உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு முன்னரே தீர்ந்திருந்தது. நாங்கள் செல்வதற்குச் சென்ற மாதத்தில்தான் அந்நகர மக்கள் சிலர், சுற்றுலாப் பயணிகள் மீது நீர்த்துப்பாக்கியால் நீர் பீய்ச்சித் தம் எதிர்ப்பைக் காட்டியிருந்தனர். "நம்மீதும் பீய்ச்சினால் என்ன செய்வது?" என்று என் துணைவியார் குடையை எடுத்துக்கொண்டார். யாரும் பீய்ச்சவில்லை. எனினும் அவர்களுடைய குறையில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஒரே காலையில் பல கப்பல்கள் பல்லாயிரம் பேரை இறக்கிவிட்டால், வீட்டு வாடகை ஏறுகிறது; தெருவில் நடக்க இடமில்லை; பயணியோ கப்பலிலேயே உண்டு உறங்கிவிடுகிறார். வெனிஸ் நகரின் நடுக்கால்வாயில் பெருங்கப்பல்கள் செல்வதை இத்தாலி 2021 ஓகஸ்ட் முதல் தடைசெய்துவிட்டது. பார்சலோனாவும் தன் ஏழு கப்பல் முனையங்களை 2030 அளவில் ஐந்தாகக் குறைக்க 2025 இல் முடிவு செய்துள்ளது.

இறுதித் துறைமுகம் பிரான்சின் மார்செய். ஏறத்தாழ கி.மு. 600 இல் கிரேக்கர் நிறுவிய பட்டினம். விமானப் போக்குவரத்துப் பெருகுமுன், கொழும்பிற் கப்பலேறி இலண்டன் சென்ற நம் மாணவரும் வழக்கறிஞரும் சூயஸ் கால்வாயைக் கடந்து இங்கே இறங்கி, இரயிலேறி வடக்கே செல்வது வழக்கம். 1931 செப்டெம்பர் 11 ஆம் நாள், வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் இறங்கியதும் இத்துறையிலேதான். பழைய துறைமுகத்தின் கற்படிகளில் அமர்ந்து நாங்கள் இருவரும் கொண்டு சென்ற ரொட்டியை உண்டோம். "ஒவ்வோர் ஊரிலும் நம்மவர் யாரோ ஒருவர் நமக்கு முன்னே வந்திருக்கிறார்" என்றார் என் துணைவியார்.

எட்டாம் நாட் காலை ஜெனோவாவில் இறங்கினோம். அங்ஙனமாயின் இத்தகைய பயணம் வீண்தானோ என்று நீங்கள் வினவலாம். வீணன்று. உழைத்துக் களைத்த இருவர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஏழு நாள் கிடைத்தது. அதுவே பெரும் பேறு. ஆனால் எட்டு மணி நேரத்தில் ஒரு நகரம் தன்னைத் தானே காட்டாது. நாம் கொண்டு செல்லும் கேள்விக்கே அது விடை கூறும். கையில் கேள்வியில்லாதவனுக்குக் கிடைப்பது ஒளிப்படம் மாத்திரமே.

இதையே மறுபுறமாகவும் எண்ணிப் பாருங்கள். கொழும்புத் துறையில் உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில், பயணிகள் பேருந்துகளில் கண்டிக்கு வருகின்றனர். தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்கு நாம் எட்டு மணி நேர நகரம். 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து புறப்பட்ட பயணிகள் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளையும் தொட்டது. நம் நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், கப்பல்கள் வரட்டும். ஆயினும் வருபவர் ஒருவரேனும் ஒராபி பாஷாவின் இல்லத்தைக் கேட்டால், அதற்கு வழிகாட்டத் தெரிந்த இளைஞர் நம்மிடம் இருத்தல் வேண்டும்.

இனி, தொடக்கத்தில் நான் சொன்ன கேள்வி. அதே கடலில் ஒருவர் பார்ப்பதற்காகச் செல்கிறார், ஒருவர் பணிசெய்யச் செல்கிறார், ஒருவர் நாடு கடத்தப்படுகிறார், ஒருவர் மூழ்குகிறார். இவர்களைப் பிரிப்பது யாது? திறமையன்று, துணிவுமன்று. கையில் உள்ள பத்திரமும், அதைத் தருகின்ற அரசும், பிறந்த காலமுமே. இதனை நான் ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையிற் சொல்கிறேன். நாடு பொருளாதார நெருக்கடியில் ஆழ்ந்த 2022 இல், விடுகைப் பத்திரம் கேட்டு என் மேசைக்கு வந்த உயர்தர வகுப்பு மாணவர் பலர். எங்கே போகிறாய் என்று கேட்டால் சிலர் நாட்டின் பெயரைச் சொல்வர். சிலர் நிலத்தைப் பார்ப்பர். அவ்வாண்டு நவம்பரில்தான் தென்சீனக் கடலில் பழுதுற்ற கப்பலொன்றில் தத்தளித்த முந்நூறுக்கு மேற்பட்ட இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமில் கரைசேர்க்கப்பட்டனர். போர்த்தோபாலோ முடிந்துபோன கதையன்று.

பெற்றோர்களே, பிள்ளை வெளிநாடு செல்ல விரும்பினால் தடுக்க வேண்டுமென்று நான் கூறமாட்டேன். என் மைத்துனரும் சென்றவர்தாம். பலெர்மோ நண்பர்களும் சென்றவர்கள்தாம். ஆனால் வழி எது, கப்பல் எது, கையில் உள்ள பத்திரம் எது என்று கேளுங்கள். காணியை ஈடுவைத்து முகவரிடம் பணத்தைக் கொடுக்குமுன், அக்கடலின் அடியிற் கிடக்கும் படகை ஒருமுறை நினையுங்கள். நடைமுறை நீளமாயினும் நேர்வழியில் வீசா பெற்றுச் செல்பவனே, என்றோ ஒருநாள் தன் மனைவியோடு அதே கடலைப் பார்ப்பதற்காகவும் செல்லக் கூடியவன்.

பயணம் முடிந்து பாடசாலைக்குத் திரும்பியதும் உயர்தர வகுப்பின் சுவரில் உலகப் படமொன்றைத் தொங்கவிட்டேன். அதில் மாணவர்களைக் கொண்டே நான்கு கோடுகளை வரையச் செய்தேன்: உரோமாபுரிக்குச் சென்ற தூதுவர் வழி, ஒராபி பாஷா வந்த வழி, மார்செய் வழியாக இலண்டன் சென்ற மாணவர் வழி, சிசிலிக்கும் மால்டாவுக்கும் இடையில் முடிந்துபோகும் வழி. நான்காவது கோட்டை வரைந்த மாணவன், இதை எதுவரை கொண்டு செல்வது என்று கேட்டான். அந்த இடத்திலேயே நிறுத்தி, 26-12-1996 என்று எழுதச் சொன்னேன். அந்தப் படம் இன்றும் அங்கே தொங்குகிறது.